நடக்கிற குழந்தைக்கும் சக்கர நாற்காலி வேண்டும்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைப் பெற்றவர்கள் மருத்துவரிடமும், பிசியோதெரபிஸ்டிடமும், குலதெய்வத்திடமும், வேளாங்கண்ணியிலும், நாகூரிலும் வைக்கிற வேண்டுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: எப்படியாவது பிள்ளை நடந்துவிட வேண்டும். அதில் குறை காண யாருக்கும் உரிமை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளை தட்டுத்தடுமாறி நடக்கத் தொடங்கிய அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று சுற்றியிருப்பவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். “அதான் நடக்கிறானே, அப்புறம் என்ன?” என்ற ஒரே கேள்வியோடு பள்ளியும் உறவும் அரசு அலுவலகமும் ஒதுங்கிக்கொள்கின்றன. சிகிச்சை தருபவர்களில் சிலர்கூட அப்படித்தான். ஒவ்வோர் அடிக்கும் அந்தக் குழந்தை எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது, அப்படி நடந்து முடித்த பிறகு படிக்கவும் எழுதவும் விளையாடவும் அதனிடம் என்ன மிச்சமிருக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்துப் பார்த்தால், நடக்கத் தெரிந்த பிள்ளைகளில் பலருக்கும் நாளின் ஒரு பகுதிக்குச் சக்கர நாற்காலி தேவை என்ற முடிவுக்குத்தான் வர முடியும். அதை வெட்கமில்லாமல் கேட்டுப் பெறவும், தயக்கமில்லாமல் கொடுக்கவும் நாம் பழக வேண்டும்.

சாதாரணமாக நடக்கிற ஒருவருக்கு நடை அநேகமாகச் செலவே இல்லாமல் கிடைக்கிறது. ஊன்றிய காலின் மேல் உடல் சற்றே உயர்ந்து, முன்பக்கம் சாய்ந்து இறங்குகிறது. அந்த இறக்கமே அடுத்த அடிக்கான விசையைத் தந்துவிடுகிறது. ஆடத் தொடங்கிய ஊஞ்சலுக்கு அவ்வப்போது ஓர் உந்து போதும் என்பதுபோலக் கால் தசைகள் இடையிடையே மட்டும் வேலை செய்கின்றன. மூளை முடக்குவாதத்தில் இந்த ஏற்பாடு குலைந்துபோகிறது. காயம் காலில் இல்லை, மூளையில். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளையில் நேர்ந்த பாதிப்பு, தசைகளுக்குப் போகும் கட்டளையைத் தாறுமாறாக்கிவிடுகிறது. முழங்காலை நீட்டும் தசை இழுக்கும்போது மடக்கும் தசை தளர வேண்டும். இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் இறுகி ஒன்றையொன்று எதிர்க்கின்றன. கால் அங்குலம்கூட நகராத நேரத்திலும் இரண்டும் சக்தியை எரித்துக்கொண்டிருக்கின்றன.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கெண்டைக்கால் தசை விறைத்திருப்பதால் குதிகால் தரையைத் தொடுவதில்லை. உடலின் முழுப் பாரமும் விரல்களின் அடிப்பக்கத்தில் விழுகிறது. செருப்பின் நுனி மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். தொடைகள் உள்பக்கம் இழுப்பதால் முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசிக் கால்கள் கத்தரிக்கோல்போலக் குறுக்கிடுகின்றன. தூக்கிய பாதம் தரையில் இடறாமலிருக்க இடுப்பை ஒரு பக்கமாக உயர்த்தியாக வேண்டும். அதைச் சமன்செய்யத் தோள் மறுபக்கம் சாய்கிறது, கைகள் மடங்கி மேலேறுகின்றன. பல பிள்ளைகள் முழங்காலை முழுதாக நீட்ட முடியாமல் பாதி மடக்கியபடியே நடக்கிறார்கள். இதை வாசிக்கிற யாரும் முழங்காலைப் பாதி மடக்கியபடி வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நடந்து பார்க்கலாம். தொடை எரிவதற்கு அதிக நேரம் ஆகாது. அந்த எரிச்சலோடு, அடுத்த அடியில் விழுந்துவிடுவோமோ என்ற கவனத்தையும் சேர்த்துக்கொண்டுதான் இந்தப் பிள்ளைகள் வகுப்பறைக்குள் நுழைகிறார்கள்.

இது இரக்கத்தில் சொல்லும் மிகை அல்ல, அளந்து பார்த்த உண்மை. நடக்கும்போது மூச்சில் உள்ளே போகும் ஆக்ஸிஜனைக் கணக்கிடும் ஆய்வுகள் 1980-களிலிருந்தே வந்துகொண்டிருக்கின்றன. ஒரே தூரத்தைக் கடக்க, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை சராசரியாக மற்ற குழந்தையைப்போல இரண்டு, மூன்று மடங்கு சக்தியைச் செலவிடுகிறது என்று அவை திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பாதிப்பு கூடக் கூடச் செலவும் கூடுகிறது. இந்தப் பாதிப்பைத் தரம்பிரிக்க, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஐந்து நிலை வகைப்பாட்டைத்தான் இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். முதல் நிலைக் குழந்தை ஓடும், படியேறும். இரண்டாம் நிலைக் குழந்தை நெடுந்தூரத்திலும் மேடு பள்ளத்திலும் திணறும். மூன்றாம் நிலைக் குழந்தைக்கு வாக்கரோ ஊன்றுகோலோ வேண்டும். அடுத்த இரண்டு நிலைகளில் பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். நடக்கிற மூன்று நிலைகளுக்குள்ளேயே முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போகும்போது நடையின் செலவு செங்குத்தாக ஏறுகிறது. அது மட்டுமல்ல, இந்தக் குழந்தைகளின் உச்சபட்ச மூச்சுத் திறனே மற்ற குழந்தைகளைவிடக் குறைவு. செலவு அதிகம், கையிருப்பு குறைவு. நமக்கு உலாவுவதுபோன்ற வேகம், மூன்றாம் நிலைக் குழந்தைக்குத் தன் உச்சத் திறனை நெருங்குகிற உழைப்பு. ஓட்டப்பந்தய வீரர்கூட அந்த அளவு உழைப்பைப் பந்தய நேரத்தில் மட்டும்தான் தருகிறார். இந்தக் குழந்தை தண்ணீர் குடிக்கப் போவதற்கும் அதைத் தருகிறது.

இதை அறிய ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு எவ்வளவு, சில நிமிடம் நடந்த பிறகு எவ்வளவு என்று எண்ணி, அந்த வித்தியாசத்தை நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் நடந்தார் என்பதால் வகுத்தால் போதும். மீட்டருக்கு எத்தனை துடிப்பு கூடுதலாகச் செலவாகிறது என்று தெரிந்துவிடும். ஓர் உதாரணக் கணக்கு: ஒரு சிறுவனின் நாடி 80-இலிருந்து 110 ஆகிறது, அவன் நிமிடத்துக்கு 60 மீட்டர் போகிறான். செலவு மீட்டருக்கு அரைத் துடிப்பு. இன்னொரு சிறுவனின் நாடி 80-இலிருந்து 140 ஆகிறது, அவன் நிமிடத்துக்கு 30 மீட்டர்தான் போகிறான். செலவு மீட்டருக்கு இரண்டு துடிப்பு, அதாவது நான்கு மடங்கு. கையில் ஒரு கடிகாரமும் தரையில் ஒரு சாக்பீஸ் கோடும் இருந்தால் எந்த வட்டார வள மையத்திலும் இதைச் செய்துவிடலாம். உடல்நிலையையும் மனநிலையையும் பொறுத்து நாடி மாறும் என்பதால் இது துல்லியமான அளவை இல்லை. ஆனாலும், அதே குழந்தையைக் காலைத் தாங்கும் ஸ்ப்ளின்ட் போட்டும் போடாமலும், முன்னால் தள்ளும் வாக்கரிலும் பின்னால் இழுத்துவரும் வாக்கரிலும் நடக்கவைத்து ஒப்பிட இது தாராளமாகப் போதும். சரியாகப் பொருந்திய ஸ்ப்ளின்ட் பல குழந்தைகளுக்கு நடையின் செலவைக் குறைக்கிறது. பொருந்தாதது கூட்டவும் செய்யலாம். அளந்து பார்க்காமல் எது எது என்று தெரியாது.

காலம் போகப் போக இது தானே சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, இயக்கத் திறனில் தொண்ணூறு சதவீதத்தை இவர்கள் ஏறத்தாழ 5 வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள் என்று காட்டியது. பிறகு அதே குழுவினர் இளைஞர் பருவம் வரை தொடர்ந்து பார்த்ததில், மூன்றாம் நிலைப் பிள்ளைகளின் திறன் 8 வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டுப் பின் இறங்கியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். எலும்பு நீள்கிறது, இறுகிய தசை அதற்கு ஈடாக நீள்வதில்லை. உடல் எடை கூடுகிற வேகத்தில் பலம் கூடுவதில்லை. நாலாம் வகுப்பில் நடந்த அதே தூரம் ஒன்பதாம் வகுப்பில் கூடுதல் பாரமாகிறது. ஆனால் பள்ளியோ அதற்குள் பெரிதாகிவிடுகிறது, வகுப்பு மாடிக்குப் போய்விடுகிறது, புத்தகப்பை கனத்துவிடுகிறது. வயது வந்தவர்களை 7 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் வெளியான நார்வே ஆய்வில், ஏறத்தாழ பாதிப்பேர் தங்கள் நடை முன்பைவிட மோசமாகிவிட்டது என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களிடம் வலியும் களைப்பும் கூடுதலாக இருந்தன. குழந்தைப் பருவத்தில் மூட்டுகளையும் தசைகளையும் கணக்கில்லாமல் உழைக்கவைப்பதை, பின்னாளில் தேவைப்படும் கையிருப்பை இப்போதே எடுத்துச் செலவழிப்பதாகத்தான் நான் பார்க்கிறேன்.

இப்போது ஒரு பள்ளி நாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாசலில் இறங்கி இறைவணக்கக் கூட்டம், அங்கிருந்து வகுப்பு, நடுவில் மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் கழிப்பறை, மதியம் சாப்பாட்டுக்கு வரிசை, தட்டுக் கழுவக் குழாயடி, திரும்ப வகுப்பு. மற்ற பிள்ளைகள் நினைவில்கூட வைத்துக்கொள்ளாத தூரங்கள் இவை. மூன்று மடங்கு செலவில் இவற்றைக் கடக்கும் குழந்தை என்ன செய்யும்? கழிப்பறைக்குப் போகாமலிருக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும். இடைவேளையில் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடும். எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு வகுப்புக்குள் வந்து, பாடத்தின் தொடக்கத்தைத் தவறவிடும். மதியத்துக்கு மேல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கண் சொக்கும். இதற்கெல்லாம் பள்ளியில் வைக்கும் பெயர் ‘மந்தம்’, ‘கவனமில்லை’, ‘யாரோடும் சேரமாட்டான்’. நடைச் செலவு படிப்பைத் தொடுகிறதா என்பதை நேரடியாகச் சோதித்த ஒரு சிறிய ஆய்வு 1991-இல் அமெரிக்காவில் வந்தது. முதுகுத்தண்டுக் குறைபாடுள்ள மூன்று மாணவர்கள் சில நாட்கள் ஊன்றுகோலுடன் நடந்தும் சில நாட்கள் சக்கர நாற்காலியிலும் பள்ளியில் இருந்தார்கள். நாற்காலியில் இருந்த நாட்களில் கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டிய வேலைகளில் அவர்கள் துல்லியமாக இருந்தார்கள். வாசிப்பு வேகத்தில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. மூன்று பேர், அதுவும் வேறு குறைபாடு. இதை வைத்துப் பெரிய முடிவு கட்டக் கூடாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கேள்வியையே நம் பள்ளிகள் இதுவரை கேட்டுக்கொள்ளவில்லை. எழுதும் கைக்குச் சிரமம் என்று ஏற்றுக்கொண்டு தேர்வில் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தரவேண்டும் என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல். சொல்வதை எழுதுபவரையும் அது அனுமதித்தது. கைக்குக் காட்டும் இந்தப் புரிதலைக் காலுக்கும் காட்டக் கூடாதா?

‘நடக்கும் குழந்தை’, ‘நாற்காலிக் குழந்தை’ என்ற பிரிவினையே தவறு என்பதைச் சிகிச்சைத் துறை 20 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டுவிட்டது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கெர் கிரஹாமும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் உருவாக்கிய அளவுகோல், குழந்தையைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்கிறது: வீட்டுக்குள் 5 மீட்டர் தூரத்தை எப்படிக் கடக்கிறது, பள்ளியில் 50 மீட்டரை எப்படிக் கடக்கிறது, வெளியே 500 மீட்டரை எப்படிக் கடக்கிறது. ஒரே குழந்தை வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்கும், பள்ளியில் வாக்கரில் போகும், கடைத்தெருவுக்குச் சக்கர நாற்காலியில் வரும். அதில் முரண்பாடு எதுவுமில்லை என்பதை அளவுகோலே ஏற்றுக்கொள்கிறது. பெங்களூருக்குப் பேருந்தில் போகிற நம்மை யாரும் “உனக்கு நடக்கத் தெரியாதா?” என்று கேட்பதில்லை. தூரத்துக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுக்கும் அந்த உரிமையை 10 வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

“நாற்காலியில் உட்காரவைத்தால் சோம்பேறியாகி, இருக்கிற நடையும் போய்விடும்” என்ற அச்சம்தான் பெற்றோரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே இறுகும், எலும்பு பலவீனப்படும். நிற்பதும், தசைகளை நீட்டுவதும், நடப்பதும் தொடர்ந்தே ஆக வேண்டும். நான் கேட்பது நடையை நிறுத்துவதை அல்ல. எங்கே நடப்பது, எங்கே உருண்டு போவது என்று யோசித்துத் தீர்மானிப்பதை. நாற்காலி கொடுத்ததால்தான் நடை போனது என்று காட்டும் நல்ல ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. மிகச் சிறு வயதிலேயே மின்சார நாற்காலி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், குழந்தைகளின் இயக்க வளர்ச்சி அதனால் தடைபடவில்லை. அவர்கள் தாமாகப் போய் ஆராய்ந்து பார்ப்பதும் மற்றவர்களோடு பழகுவதும் கூடியது. பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: பதின்வயதில் உடல் பெரிதாகி நடை கடினமாகும்போதுதான் குடும்பம் நாற்காலிக்கு வருகிறது. வரிசையில் பின்னால் வந்ததை நடை போனதற்குக் காரணம் என்று பழி சுமத்துகிறோம்.

“கஷ்டப்பட்டு நடப்பதும் உடற்பயிற்சிதானே” என்று இன்னொரு வாதம் உண்டு. உடற்பயிற்சி இவர்களுக்கு மிகவும் தேவை. மூச்சுத் திறன் கூடினால் அதே நடை அவர்களின் திறனில் சிறிய பங்கையே எடுத்துக்கொள்ளும், களைப்பு குறையும். ஆனால் பயிற்சி என்பது நேரம் குறித்து, அளவு குறித்து, ஓய்வும் சேர்த்துச் செய்வது. நீச்சல், மூன்று சக்கர சைக்கிள், எடை தூக்குதல் என்று குழந்தை விரும்பும் வடிவத்தில் அதைக் கொடுக்கலாம். கணக்கு வகுப்புக்கும் அறிவியல் வகுப்புக்கும் நடுவில், மணி அடித்துவிடுமே என்ற பதற்றத்தோடு வேர்த்து விறுவிறுத்து ஓடிவருவது பயிற்சி ஆகாது. இது பயிற்சிதான் என்றால், மற்ற மாணவர்களையும் இரண்டு பாடவேளைகளுக்கு நடுவே அரை கிலோமீட்டர் ஓடவைத்துவிட்டுப் பரீட்சை எழுதச் சொல்லலாம். எந்தத் தலைமையாசிரியரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

“நம் ஊர்ச் சாலையிலும் பள்ளியிலும் சக்கர நாற்காலி எங்கே போகும்?” என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. படி, வாசற்படி, சாக்கடை மூடி, மணல், குழி. சாய்தளம் என்று கட்டியிருப்பதும் சில இடங்களில் நாற்காலியோடு கவிழ்த்துவிடும் சரிவில் இருக்கிறது. அதனால்தான் நம் ஊரில் 25 கிலோ பிள்ளையையும் அம்மாவே இடுப்பில் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறார், பிறகு முதுகு வலியோடு காலம் தள்ளுகிறார். ஆக, நாற்காலி இல்லாவிட்டால் குழந்தை நடந்துவிடுகிறது என்பதே பொய்க் கணக்கு. அந்தச் செலவு அம்மாவின் முதுகுக்கு மாறுகிறது, அல்லது குழந்தை பள்ளிக்குப் போவதே நின்று ‘இல்லம் சார்ந்த கல்வி’ பட்டியலில் பெயர் ஏறுகிறது. இடையூறைக் காரணம் காட்டி நாற்காலியை மறுப்பதற்குப் பதிலாக, நாற்காலியைக் காரணம் காட்டி இடையூறை அகற்றச் சொல்ல வேண்டும். அதற்குச் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் அறிவிக்கப்பட்ட 5 ஆண்டுகளுக்குள் பொதுக் கட்டிடங்கள் அனைத்தையும் அணுகத்தக்கவையாக மாற்றச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022-இல் முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது என்று சொல்லி, கட்டாயமான தரங்களை வகுக்கச் சொன்னது. மெரினாவில் சக்கர நாற்காலிக்கென மரப்பாதை போட்டு அலை வரை கொண்டுபோக முடிந்த மாநிலத்தில், ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறையிலிருந்து கழிப்பறை வரை 40 மீட்டருக்குச் சமதளப் பாதை போடுவது பொறியியல் சாதனை ஒன்றுமில்லை. குழந்தை எந்த வகுப்புக்குப் போனாலும் அந்த வகுப்பைத் தரைத்தளத்தில் வைத்துக்கொள்வதற்குப் பணமே தேவையில்லை.

உறவுகளின் பேச்சு என்று ஒன்றும் இருக்கிறது. நாற்காலியோடு கல்யாண வீட்டுக்குப் போனால் ‘ஐயோ பாவம்’ என்ற பார்வை, தடுமாறி நடந்து போனால் கைதட்டல். குழந்தைகள் இதைச் சீக்கிரமே புரிந்துகொள்கிறார்கள். களைத்துப்போனாலும் சொல்ல மாட்டார்கள். இதற்கு அரசாணை எதுவும் போட முடியாது. ஆனால் சிகிச்சை தருபவர் நாற்காலியை முதல் சந்திப்பிலேயே, ஸ்ப்ளின்ட், வாக்கர் பற்றிப் பேசும் அதே தொனியில், கருவிகளில் ஒன்றாகப் பேசினால் வீட்டில் அதன் மீதுள்ள பயம் கணிசமாகக் குறையும். ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்ற கட்டத்தில் கடைசியாக நாற்காலியைக் கொண்டுவருவதால்தான் அது தோல்வியின் அடையாளமாகத் தெரிகிறது.

தமிழ்நாட்டில் இதற்கான அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. சென்னையில் வித்யாசாகர், தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் போன்ற நிறுவனங்கள் 1980-களிலிருந்து இந்தக் குழந்தைகளோடு பணியாற்றி வருகின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் இருக்கிறார்கள். மாநில அரசின் ‘உரிமைகள்’ திட்டத்தின் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘நடக்கிறாரா: ஆம் / இல்லை’ என்ற கட்டம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் 5, 50, 500 மீட்டர் என்ற மூன்று கட்டங்களும், பக்கத்தில் நாடித்துடிப்புக்கு ஒரு கட்டமும் வரவேண்டும். கருவி தரும்போது பெரியவர்களின் மடக்கு நாற்காலியைக் குழந்தைக்குக் கொடுத்து அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். முதுகும் இடுப்பும் சாய்ந்து சரிகிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே இன்னொரு உழைப்பு. மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில், இதே நோக்கத்துக்காகக் கடந்த 3 ஆண்டுகளில், 12 வயதுக்கு உட்பட்டவரென்றால் கடந்த ஓராண்டில், உதவி பெற்றிருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. வகுப்பறைக்குள் நடக்க உதவும் வாக்கரும் தெருவைக் கடக்க உதவும் நாற்காலியும் ஒரே நோக்கத்துக்கானவை அல்ல. வாக்கர் வாங்கிய குழந்தைக்கு நாற்காலி இல்லை என்று எந்த முகாமிலும் சொல்லப்படாதபடி, இரண்டையும் தனித்தனி நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்ற தெளிவுரையை அந்தத் திட்டத்தை நடத்தும் துறை எழுத்தில் வெளியிட வேண்டும். ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும், அடுத்த கல்வியாண்டின் மதிப்பீட்டு முகாம்கள் தொடங்குவதற்கு முன்பே அதை அனுப்பிவிடலாம்.